எஃப் பிளாக் கடைசிக் குழாய்

ஒரு குழாயிலிருந்து மூன்று வருடம் நான் தண்ணீரே எடுக்கவில்லை. எடுத்ததாக ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நம்பி புச்கா என்ற தெருத் தின்பண்டம் விற்ற லக்கனைத் துரத்தினார்கள். துரத்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், உண்மையைச் சொல்லவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் சில இடங்களில் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்க வைத்து நழுவிவிட்டான் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

எழுதச் சொன்னது அனிந்திதா. நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் கடைசி வேதியியலர் அவள். ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். இனிமேல் ஒரு தனியார் நிறுவனத்து ஆள் ஸ்கூட்டரில் வந்து தண்ணீர் எடுத்துப் போவானாம். "அவன் எந்தக் குழாயில எடுக்கறான்னு யாரு பாக்கப்போறா, மணி பாபு?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. அவளுக்கு விஷயம் தெரியாது. கல்கத்தாத் தமிழர்கள் ஆண்டுக்கொரு முறை போடும் மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு வங்க மொழியில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் வேதியியல் படித்தேன். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தேன். இரண்டு வருடம் பயிற்சி. அதில் நான் உருப்படியாகக் கற்றது மீன் முள் எடுக்க மட்டுமே. மற்றதையெல்லாம் சன்யால் பாபு கற்றுக்கொடுத்தார்.

சன்யால் பாபு எங்கள் ஆய்வகத் தலைவர். ஒல்லியானவர். ஐப்பசி பிறந்தால் கழுத்தில் மஃப்ளர் ஏறிவிடும், பங்குனியில்தான் இறங்கும். உலகத்தை அவர் தம் வயிற்றின் வழியாகவே அறிந்தார். காலையில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் பத்து நிமிடம் பதில் வரும். முந்தின இரவு சாப்பிட்ட புடலங்காயில் ஆரம்பித்து, வாயு இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் முடியும். ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் அவருக்கு நிகர் கிடையாது.

டாலிகஞ்சுக்குத் தெற்கே எங்கள் குடியிருப்பு. ஆழ்துளைக் கிணறு, அதன் தலையில் பம்ப் அறை, அங்கேயே குளோரின் கலப்பார்கள். அங்கிருந்து ஏ பிளாக்கில் தொடங்கி எஃப் பிளாக் வரை ஒரே குழாய் வரிசை. எஃப் பிளாக் பின்வாசலை ஒட்டி இருந்தது. அதற்கப்பால் சாக்கடையும் ஒரு குளமும். செவ்வாய்க்கிழமை தோறும் நான்கு இடங்களில் தண்ணீர் எடுக்க வேண்டும். நான்காவது இடம் எஃப் பிளாக்கின் கடைசி வீடு.

எடுக்கும் முறையை சன்யால் பாபு பூஜை மாதிரி கற்றுக்கொடுத்தார். குழாய் வாயில் கட்டியிருக்கும் துணியை அவிழ்க்க வேண்டும். வாயைத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கம்பியில் சுற்றிக் கொளுத்தி, அந்தத் தீயால் குழாய் வாயைச் சுட வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் தண்ணீரை ஓட விட வேண்டும். பாட்டில் மூடியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், கீழே வைக்கக் கூடாது. பேசக் கூடாது, இருமக் கூடாது. கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூட வேண்டும். அங்கேயே நின்று பென்சிலால் சீட்டு எழுத வேண்டும்.

"ஆபீசுக்கு வந்து சீட்டு எழுதுறவன் நாவல் எழுதலாம், ரிப்போர்ட் எழுதக் கூடாது" என்பார்.

"ஏன் சார் கடைசி வீடு வரைக்கும் போகணும்? எல்லாம் ஒரே தண்ணிதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஹவுராவுல ஏறும்போது பாக்கெட்டுல பர்ஸ் இருந்ததுன்னு சொல்றது பெரிய விஷயமில்ல, மணி. இறங்கற எடத்துல இருக்கான்னு பாரு. குளோரினும் அப்படித்தான். வழியில அழுக்கைச் சந்திச்சா அதோட சண்டை போட்டே தீர்ந்துபோகும். கடைசிக் குழாயில கொஞ்சம் மிச்சம் இருந்தா நாம நிம்மதியாத் தூங்கலாம்."

அந்தக் கடைசி வீட்டில் கோஷ் பௌதி இருந்தார். பௌதி என்றால் அண்ணி. குடியிருப்பு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது, பாதி மரியாதையிலும் பாதி பயத்திலும். தபால்காரரோடு, பால்காரரோடு, பூஜைக் கமிட்டியோடு, ஒருமுறை தீயணைப்பு வண்டியோடுகூட அவர் சண்டை போட்டிருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வட்டாரத்தில் பித்தளைக் குழாய்கள் திருட்டுப் போய்க்கொண்டிருந்தன. பௌதியின் கணவர் கோஷ் பாபு முந்தின நாள்தான் புதிதாக ஒரு வெள்ளைக் குழாய் மாட்டியிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. பேசக் கூடாது, இருமக் கூடாது என்பதிலேயே கவனமாக இருந்தேன். துணியை அவிழ்த்தேன், வாயைத் துடைத்தேன், தீப்பந்தத்தைக் காட்டினேன்.

குழாய் தலை குனிந்தது. பிறகு மெழுகுவர்த்தி மாதிரி வழிந்தது. அது பிளாஸ்டிக்.

அடுத்த நொடி தண்ணீர் நேராக என் மார்பில் அடித்தது. கட்டை விரலால் அடைத்தேன், பக்கவாட்டில் பீய்ச்சியது. கீழே உட்கார்ந்து பௌதி அப்போதுதான் ரூயி மீன் கழுவிக்கொண்டிருந்தார். மீன் துண்டுகள் மிதந்து கூடத்தைத் தாண்டி, வாசல் படியிறங்கிப் போயின. எதிர்வீட்டுப் பூனைக்கு அன்று துர்கா பூஜை.

"மணி பாபு! தண்ணி பாக்க வந்தீங்களா, வீட்டைக் கொளுத்த வந்தீங்களா? மதராஸ்ல குழாய்க்குக் கொள்ளி வெக்கறதுதான் வழக்கமா?"

"பௌதி, இது விதிமுறை..."

"விதிமுறையா? ஒங்க விதிமுறை என் மீனைத் திருப்பிக் கொண்டுவருமா? என் மாமியார் முழங்கால் தண்ணியில நிக்கறாங்க, பாருங்க!"

கட்டிலில் ஏறி நின்ற மாமியார் அங்கிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். என்னையா, கங்கையையா என்று தெரியவில்லை.

மறுவாரம் எஃப் பிளாக் திருப்பம் வரை போனேன். பௌதியின் குரல் கேட்டது. திரும்பி பம்ப் அறைக்கு வந்து, அங்கிருந்த குழாயிலேயே நான்காவது பாட்டிலையும் நிரப்பினேன். 'எஃப் பிளாக், கடைசி வீடு' என்று பென்சிலால் எழுதினேன். இரண்டு முறை அழித்து எழுதினேன். அதற்கடுத்த வாரம் அழிக்காமலே எழுதினேன். இரண்டு மாதத்தில் அது பழக்கமாகிவிட்டது. பம்ப் அறைக்காரர் டீயும் கொடுப்பார். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எஃப் பிளாக்கில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் இரண்டு வீடு, பிறகு பின்வரிசை முழுவதும். சில பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. முன்பக்கத்து ஏ பிளாக்கிலும் ஏழெட்டுப் பிள்ளைகள் படுத்தார்கள். விசாரித்ததில் அவர்கள் எல்லோருமே பின்வாசலில் லக்கனிடம் புச்கா தின்றவர்கள்.

சென்னையில் பானிபூரி என்பதும் கல்கத்தாவில் புச்கா என்பதும் ஒன்றுதான். ஆனால் அதை இங்கே யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. லக்கன் பீகார்க்காரன், என் வயதுதான் இருக்கும். கூடையும் மண்பானையுமாகப் பின்வாசலில் நிற்பான். எஃப் பிளாக் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து அங்கேயே புளி கரைப்பான்.

கிளப் அறையில் கமிட்டிக் கூட்டம். மேனேஜர், டாக்டர், பூஜைக் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சன்யால் பாபு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிக்கையைப் படித்தார். நான்கு இடமும் திருப்திகரம்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "எஃப் பிளாக்குமா?"

எழுந்து நின்றேன். "எஃப் பிளாக்கும் திருப்திகரம், சார்."

பின்வரிசையிலிருந்து பௌதியின் குரல் வந்தது. "என்ன திருப்தி? என் மாமியாருக்கு மூணு நாளா வயித்தால போகுது. அவங்களுக்கு வாயில ஒரு பல்லு கிடையாது. அவங்க புச்கா தின்னாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "பௌதி, ஒங்க மாமியார் திருட்டுத்தனமா என்னென்ன திங்கறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பூஜைக் கமிட்டிச் செயலாளர் கேட்டார். மறுபடி சிரிப்பு. பௌதி எப்போதும் சண்டை போடுகிறவர் என்பதால் அன்று அவர் சொன்ன ஒரே சரியான வாதத்தை யாரும் காதில் வாங்கவில்லை. அது சரியாக இருக்கலாம் என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும், அப்படித்தான் அன்று நினைத்தேன். அவன் உட்கார்ந்துகொண்டான். முன்னால் இருந்த ஷிங்காரா என்ற சமோசாவை எடுத்துத் தின்னவும் செய்தான்.

அன்று மாலையே காவலாளிகள் போய் லக்கனின் பானையை உடைத்தார்கள். புளித்தண்ணீர் என் செருப்பு வரை ஓடி வந்தது. அவன் நேராக என்னிடம் வந்தான்.

"மணி பாபு, நீங்க தண்ணி படிச்சவரு. இது ஒங்க குழாய்த் தண்ணிதானே? நான் வேற எங்கருந்தும் கொண்டாரலியே. சொல்லுங்க பாபு இவங்ககிட்ட."

"ரிப்போர்ட்ல தண்ணி நல்லாத்தான் இருக்கு, லக்கன்" என்றேன்.

அவன் உடைந்த பானையின் ஓடுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, என் மனைவி தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். எதையும் அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லுவாள், ஆனால் குறி தப்பாது.

"ஏங்க, புச்காக்காரன் போயி பதினஞ்சு நாளாச்சுல்லா? இன்னும் பின்வரிசையில பிள்ளைகளுக்கு வயிறு போகுதாம். அவன் புளித்தண்ணி என்ன காத்துலயா பறந்து வருது?"

தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு எஃப் பிளாக் போனேன். பௌதி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தீப்பெட்டி இருந்தா வெளிய வெச்சுட்டு வாங்க."

இப்போது அங்கே இரும்புக் குழாய். தீப்பந்தம் இல்லாமல், ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்துத் தண்ணீர் எடுத்தேன். அங்கேயே ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் கொஞ்சம் பிடித்து, குளோரின் பார்க்கும் மருந்தைச் சொட்டினேன். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். துளிகூட மாறவில்லை. ஆய்வகத்தில் ஐந்து சோதனைக் குழாய்களில் ஊதா நிறக் கரைசலில் அந்தத் தண்ணீரை விட்டு வைத்தேன். மலக்கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகும், உள்ளே காற்றுக் குமிழி கட்டும். மறுநாள் ஐந்தும் மஞ்சள், ஐந்திலும் குமிழி. அவ்வளவு அழகான முடிவை நான் அதற்கு முன் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

தோண்டினோம். எஃப் பிளாக் குழாய் சாக்கடைக்குள்ளேயே முப்பதடி போயிருந்தது. ஒரு மூட்டு துருப்பிடித்துத் திறந்துகிடந்தது. பம்ப் நிற்கும்போதெல்லாம் குழாய் சாக்கடையை உறிஞ்சியிருக்கிறது. இரண்டு நாளில் புதுக் குழாய் போட்டார்கள். நோய் நின்றது.

எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். "விழிப்புணர்வுக்காக" என்று அதில் இருந்தது. போன மாதம் வரை தண்ணீர் நன்றாக இருந்தது, திடீரென்று கெட்டது, விழிப்பான வேதியியலர் உடனே கண்டுபிடித்தார் என்பது எல்லோருக்கும் வசதியான கதையாக இருந்தது. லக்கன் பெயரை யாரும் எடுக்கவில்லை. அவனைத் தேடினேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆறு வருடம் தேடவில்லை.

சன்யால் பாபு ஓய்வு பெற்ற மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இனி எனக்கு அதிகாரி இல்லை என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டிக் குழாய், மீன், பம்ப் அறை டீ, கூட்டம், லக்கன், எதையும் விடவில்லை. அவர் ஓமத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன சார் தெரியும்?"

"மூணு வருஷமா ஒன் நாலாவது பாட்டில்ல குளோரின் மொதப் பாட்டில் அளவுக்கே இருந்தது. அரை மைல் நடந்து வந்த தண்ணிக்குக் களைப்பே இல்ல. பொய் எழுதுறவன் கொஞ்சம் கொறைச்சு எழுதியிருக்கணும், மணி. அதைக்கூட நான் ஒனக்குச் சொல்லித்தரல."

"தெரிஞ்சும் ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் ஓமத்தண்ணீர் டம்ளரை மூடி வைத்தார். "கேட்டிருந்தா, 'நான் போகமாட்டேன், நீங்க போங்க'ன்னு நீ சொல்லியிருப்பே. பௌதி எனக்குத் தூரத்துச் சொந்தம். என் கல்யாணத்துலயே சண்டை போட்டவ."

ஆக நாங்கள் இரண்டு கோழைகள். இரண்டு கோழைகள் சேர்ந்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது என்று அன்று கண்டுகொண்டேன். பல இடங்களில் விசாரித்து, டாக்குரியா ரயில் நிலையத்துக்கு வெளியே லக்கனைக் கண்டுபிடித்தோம். தலை நரைத்திருந்தது. இடுப்பைச் சாய்த்து நின்றான். கூட்டம் சூழ்ந்திருந்ததால் நாங்களும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் முறை வந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டு இலைக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தான். சன்யால் பாபு கையிலும் ஒன்று. முப்பது வருடமாகப் புச்காவைத் தொடாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பிராயச்சித்தம் என்று ஒன்றை அதற்குமுன் நான் நேரில் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் சொன்னேன். அவன் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அப்போ அந்த மாசம் அந்தக் குழாய்த் தண்ணிய நீங்க பாக்கவே இல்ல?"

"இல்லை."

"பாக்காமலேயே நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"ஆமாம்."

"காலரா லக்கன்னு பேரு வந்துச்சு, பாபு. பக்கத்துல எந்த வாசல்லயும் நிக்க விடல. ஹவுராவுல மூட்டை தூக்கினேன், மூணு வருஷம். இடுப்பு போச்சு." இதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தக்காளி விலை சொல்வதுபோலச் சொன்னான்.

நடந்ததை எழுதி, குடியிருப்பு அறிவிப்புப் பலகையில் என் கையெழுத்தோடு ஒட்டினேன். புது மேனேஜர் கூப்பிட்டு, "பழைய கதை, பைப்பே மாத்தியாச்சே, ஏன் ஒங்க பேரைக் கெடுத்துக்கறீங்க?" என்றார். மறுநாள் அதன்மேல் சரஸ்வதி பூஜைக் கிச்சடி விருந்து அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். இதை லக்கனிடம் போய்ச் சொன்னேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதினது போதும். அங்க வந்து நிக்கறேன், நீங்களும் வந்து நின்னு வாயால சொல்லுங்க."

அப்படித்தான் சனிக்கிழமை தோறும் மாலையில் பின்வாசலில் அவனுடைய தள்ளுவண்டி நின்றது. ஆனால் எங்கள் தண்ணீரைத் தொட மறுத்தான். டாக்குரியாவிலிருந்து இரண்டு கேன் கொண்டுவருவான். குழாய் பத்தடியில் இருக்க ஏன் இவ்வளவு தூரம் தூக்கி வருகிறாய் என்று வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். அவன் தலையை என் பக்கம் ஆட்டுவான். "மணி பாபுவைக் கேளுங்க."

நான் சொல்வேன். முதல் மாதம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு தண்ணீராக வந்தது. சிலர் பாதியில், "சரி சரி, இன்னும் கொஞ்சம் காரம் போடு" என்று லக்கன் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒருநாள் கோஷ் பௌதியே வந்து நின்று முழுவதையும் கேட்டார். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

"குழாய்க்காகவா மூணு வருஷம் வரல?" என்றார். "அன்னிக்கு ஒங்களுக்கு டீ குடுக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு, தெருக்குழாய்லயே தண்ணி பிடிச்சுட்டுப் போறீங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் போட்டு வெச்சு நானே குடிச்சேன்." பிறகு லக்கனிடம் திரும்பி, புளி போதவில்லை என்று சண்டையை ஆரம்பித்தார்.

லக்கன் கேனைத் திறக்குமுன் நான் அதைச் சோதிக்க வேண்டும் என்பது அவன் போட்ட இன்னொரு நிபந்தனை. எல்லோர் முன்னாலும் குழலில் பிடித்து மருந்தைச் சொட்டுவேன். மஞ்சளானால் புளி கரைப்பான். ஏதோ புது மசாலா என்று நினைத்துத் தங்கள் கிண்ணத்திலும் இரண்டு சொட்டுக் கேட்டவர்கள் உண்டு.

விசுவகர்மா பூஜை சமயம், ஒரு சனிக்கிழமை. நல்ல கூட்டம், இருபது பேருக்கு மேல் வரிசை. கூடை நிறையப் பூரி, பிசைந்து வைத்த கிழங்கு. குழலில் சொட்டினேன். நிறம் மாறவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். மாறவில்லை. இரண்டாவது கேனும் அப்படியே. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தலையசைப்பு போதும், பானை நிறைந்துவிடும். குளோரின் இல்லாத தண்ணீரெல்லாம் கெட்ட தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். கெட்டதா இல்லையா என்று சொல்ல மறுநாள் ஆகும்.

"நல்லா இருக்குன்னு என்னால சொல்ல முடியாது, லக்கன்" என்றேன்.

வரிசையில் முணுமுணுப்பு. "இந்தக் குழாய்ல பிடியேன்!" என்று யாரோ கத்தினார்கள். லக்கன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் புரியாத போஜ்புரியில் நீளமாக ஏதோ திட்டினான். திட்டு எனக்குத்தான் என்பது மட்டும் புரிந்தது. இரண்டு கேனையும் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கவிழ்த்தான். அன்று ஒரு பூரியும் விற்கவில்லை. கூடையைத் துணியால் மூடிக் கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கும் இதே மாதிரி சொல்லியிருக்கலாமே, பாபு."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். நானும் வழி நெடுக ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வண்டி வந்தது. வரிசையைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, கேனிலிருந்து குழலில் தண்ணீரைப் பிடித்து என்னிடம் நீட்டினான்.